குண்டூர் நாட்டுக் காதுமெஷின்காரர்

புதிதாகக் காதுமெஷின் மாட்டியவரைக் கேட்பவர் கணக்கிலும் சேர்க்க முடியாது, கேளாதவர் கணக்கிலும் சேர்க்க முடியாது. கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் 14 பிரிவுகளில் ஒன்றான குண்டூர் நாட்டில் இவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் மப்ளர், சட்டைப் பையில் பேட்டரி அட்டை, முகத்தில் யார்மேலோ ஒரு சந்தேகம் ஆகியவை இவரது அடையாளங்கள்.

மெஷின் வருவதற்கு முன்பே இவரை இனம் காணலாம். வயதாகும்போது கீச்சென்ற ஒலிகளே முதலில் காதை விட்டுப் போகின்றன. பெண்கள், குழந்தைகளின் குரலும் க, ச, த, ப ஓசைகளும் அவற்றில் சேர்ந்தவை. பேசுவது கேட்கும், பேச்சு பிரியாது. “மாமா, பாலு வாங்கியாந்தீங்களா?” என்று மருமகள் கேட்டால், “காலுக்கு என்னம்மா, நல்லாத்தான் இருக்குது” என்பார். காது மந்தம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்தக் காலத்துப் பெண்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவர் கட்சி.

மந்தத்தால் வசதியும் உண்டு. கைமாற்று கேட்பவன் குரல் விழாது. மிளகுப் பணம் கொண்டு வந்தவன் குரல் வாசலிலேயே விழும். ஊர்க்கூட்டத்தில் எந்தப் பக்கமும் பேசாமல் உட்கார்ந்திருந்தே நியாயஸ்தர் என்று பெயர் வாங்கியிருப்பார்.

1981 முதல் நடக்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்திலோ, மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமாகவோ, தகுதியுள்ளவர்களுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் சில நாள் சத்தமில்லாத இடத்தில் ஓரிரு மணி நேரம் மட்டும் போட்டுப் பழகச் சொல்வது வழக்கம். இவர் மெஷினை வாங்கிய நாமக்கல்லிலேயே மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். மலையடிவாரக் காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஹாரனும், கியர் உறுமலும், டிரைவர் போட்ட பாட்டும், பின்சீட்டில் ஒருவர் வாந்தி எடுப்பதும் ஒரே உரப்பில் உள்ளே இறங்கும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து காது அடைக்கும். அது பஸ்ஸில் உள்ள எல்லோருக்கும் அடைப்பதுதான், எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். இவரோ மெஷின் பாதி மலையிலேயே கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, கழற்றி மப்ளர் முனையில் முடிந்துகொள்வார்.

வீட்டில் சோதனை வேறு வகை. பல வருஷம் பல சத்தங்கள் எட்டாதிருந்த மூளைக்கு எதைக் கேட்பது, எதை விடுவது என்பது மறந்து போயிருக்கும். நல்ல காது உள்ளவர்கள் தகரக் கூரையில் விழும் மழையைக் கேட்டபடியே மறந்துவிடுகிறார்கள். இவருக்கு ஒவ்வொரு சொட்டும் தனித்தனியே ஆஜராகும். பாத்திரம் கழுவினால் எழுந்து வெளியே போவார். மூளை பழையபடி சலித்தெடுக்கக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வீட்டில் சண்டை நடக்கிறது என்றே நம்புவார். சில நாள் உண்மையிலேயே நடக்கும்.

தம் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் முழங்குவதால் மெல்லப் பேசத் தொடங்குவார். அதுவரை அவர் கத்தலுக்குப் பழகிய குடும்பம் “என்ன? என்ன?” என்று கிட்டே வரும். “உங்களுக்கெல்லாம் காது போச்சா?” என்று கேட்கும் பெரும் சந்தர்ப்பம் அப்போதுதான் வாய்க்கிறது. தம் முன்னாலேயே தம்மைப் பற்றி என்னென்ன பேசிவந்தார்கள் என்பதும் இந்த வாரங்களில்தான் தெரியவரும். பேச்சு அடுப்படிக்கு இடம் மாறும்.

இரண்டு மெஷின் கிடைத்திருந்தால் ஒன்றைப் பேத்தி கல்யாணத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைப்பார். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்லும். ஒற்றை மெஷின்காரரைப் பலாமரத்தடியிலிருந்து கூப்பிட்டால் மாட்டுக் கொட்டகையைப் பார்த்து “வாங்க” என்பார்.

மலைக் குளிருக்கு மப்ளர் இல்லாமல் தீராது. அதைக் காதுமேல் இறுக்கினால் வெளியே கசியும் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து மெஷின் விசிலடிக்கும். அந்த விசில் பலருக்கும் கேட்கும், அவருக்குக் கேட்காமலும் போகலாம். அவர் நுழைந்ததும் எல்லோரும் ஏன் கூரையில் குருவி தேடுகிறார்கள் என்று விழிப்பார். மூடுபனி ஈரமும் மெஷினுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார். சூடும் புகையும் அதைவிட ஆகாது. ராத்திரியில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் போதும்.

பேட்டரி ஸ்டிக்கரிலும் ஒரு கதை. இந்தத் துத்தநாகப் பேட்டரி காற்றுப் பட்டால்தான் உயிர் பெறும். ஸ்டிக்கரைப் பிரித்த பிறகு மெஷினில் இருந்தாலும் சும்மா கிடந்தாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். இவர் தினமும் ராத்திரி அதைச் சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டிச் சிக்கனம் செய்வார். அதனால் பெரிய லாபமில்லை. பருக்கை பேட்டரியின் காற்றுத் துளையை அடைத்தால் நஷ்டம்.

கீழே போகிறவர்கள் இவர் கேட்டால் மறுக்காமல் ஓர் அட்டை வாங்கி வாருங்கள். கைக்கடிகார பேட்டரி சேராது. 675 என்றால் நீல ஸ்டிக்கர், 13 என்றால் ஆரஞ்சு. பழைய அட்டையைக் கடைக்காரரிடம் காட்டிவிடுவது உத்தமம்.