இதோ வந்தாச்சுங்க சாமி

கோவைக்குப் பக்கத்து வெள்ளியங்கிரி மலையில் வழி தவறுவது கடினம். பூண்டி அடிவாரத்தில் கோயிலைத் தாண்டிப் படியில் கால் வைத்தால் அப்புறம் ஒரே பாதைதான். முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். அப்படியிருந்தும் அந்தப் பாதையில் யாரையும் எதையும் விசாரிக்காமல் ஏறியவர் குறைவு. கேட்பது வழியை அல்ல, நிலவரத்தை. இன்னும் எவ்வளவு தூரம்? மேலே குளிர் எப்படி? சுனையில் தண்ணீர் வருகிறதா? வழுக்குப் பாறை வழுக்குகிறதா? இத்தனைக்கும் பதில் வைத்துக்கொண்டு எதிரில் ஒருவர் இறங்கி வந்துகொண்டிருப்பார். அவர்தான் நிலவரச் சாமி. வனத்துறை பாதையைத் திறந்துவிடும் பிப்ரவரி முதல் மே வரை இவருடைய பருவம். பங்குனி பிறந்தால் படிக்குப் படி தென்படுவார். சித்ரா பௌர்ணமி இரவில் இவர்மேல் இடிக்காமல் ஏற முடியாது.

இவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தலையில் துண்டு, நெற்றி கொள்ளாத திருநீறு, கையில் மூங்கில் தடி. முட்டி இரண்டும் இவரைக் கேட்காமல் தாமாக நடுங்கிக்கொண்டிருக்கும். முகத்தில் மட்டும் அப்படியொரு தெளிவு. ஆறேழு மணி நேரத்துக்கு முன்னால் இவரும் இதே பாதையில் நாக்குத் தள்ள ஏறி, எதிரில் வந்த அத்தனை பேரையும் நிறுத்தி இதே கேள்விகளைக் கேட்டவர்தான். ஏழாவது மலையில் பெரும்பாறைகள் சாய்ந்து நிற்கும் குகைக்குள் சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து திரும்பினாரே, அந்த நொடியில் பதவி உயர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறவர், காத்து நிற்பவர்களிடம் "பாயசத்துக்கு இடம் வச்சுக்கங்க" என்று சொல்லிப் போவாரே, அந்தத் தோரணை வந்துவிடும்.

தூரத்துக்கு இவரிடம் இருப்பது ஒரே அளவு.

"சாமி, இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"கொஞ்சந்தானுங்க சாமி. இந்தத் திருப்பம் ஏறிட்டீங்கன்னா அக்கட்ட பூராத் தரையாட்டத்தான்."

திருப்பம் ஏறினால் இன்னொரு திருப்பம் இருக்கும். அங்கே இன்னொரு நிலவரச் சாமி இருப்பார். அவரிடமும் கொஞ்சம்தான். முதல் மலையின் செங்குத்துப் படிகளில் வெள்ளைப் பிள்ளையாரைக்கூடப் பார்க்காத நிலையில் கேட்டாலும் கொஞ்சம், மேலே புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளும் இடத்தில் கேட்டாலும் கொஞ்சம். மொத்தப் பாதை ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஊருக்குள் நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். அதையே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத் தூக்கி நிறுத்தி, படியும் பாறையும் வேரும் போட்டு வைத்திருப்பதால்தான் ராத்திரி முழுக்க ஆகிறது. கிலோமீட்டரில் பதில் சொன்னால் கேட்கிறவர் மலையை ரொம்பக் குறைவாக எடைபோட்டுவிடுவார்; மணியில் சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஆகவே, கொஞ்சம். யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான அளவு எனக்கும் தோன்றவில்லை.

இவர் பொய் சொல்கிறார் என்று கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. ஏறும்போது அங்குலம் அங்குலமாகக் கழிந்த பாதை இறங்கும்போது மளமளவென்று ஓடிவிடுகிறது. இவர் இப்போது வந்த பாதையைப் பற்றிச் சொல்கிறார். கேட்கிறவர் இனிமேல் போகப்போகும் பாதையைப் பற்றிக் கேட்கிறார். கல் ஒன்றுதான், பாதை வேறு.

ஆளைப் பார்த்தும் பதில் மாறும். தோளில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுச் சினிமாப் பாட்டோடு தாவி ஏறும் கல்லூரிப் பையன்களிடம், "இன்னும் அஞ்சு மலை கெடக்குது தம்பி, பாட்ட நிறுத்திப்போட்டு மூச்ச மிச்சம் பண்ணுங்க" என்பார். பத்தே படி கீழே, மகனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பனிடம், "வந்தாச்சு கண்ணு, அந்தா தெரியுது பாரு வெளிச்சம், அங்கதான் சாமி" என்று குழந்தைக்குக் கையைக் காட்டுவார். அந்த வெளிச்சம் சுக்குக் காப்பிக் கடை. வெறுங்காலோடு, தடியை ஊன்றும் இடம் பார்த்து ஊன்றி, ஒரே சீராக ஏறும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எப்போதும் வருவார். அவர் மட்டும் எதையும் கேட்பதில்லை. நிலவரச் சாமி வாயைத் திறந்து, மூடி, ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

மலைகளின் எண்ணிக்கையில்தான் பெரிய வழக்கு. ஏழு மலை என்பதில் தகராறு இல்லை. ஆனால் ஒரு மலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் யாரும் வேலி போட்டு வைக்கவில்லை. இருட்டில், டார்ச் வெளிச்ச வட்டத்துக்குள் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் குதிகால். "இது நாலாவதுங்களா?" என்று கேட்டால் ஒருவர் நாலு என்பார், அவர் கூட வந்தவர் "இல்லீங்க, மூணு முடியோணும்" என்பார். ஒட்டன் சமாதியைத் தாண்டியாயிற்றா இல்லையா, பாம்பாட்டிச் சுனை எத்தனையில் சேர்த்தி, பீமன் களியுருண்டை என்கிற அந்தப் பெரிய உருண்டைப் பாறை எந்தக் கணக்கில் வரும் என்று நடுப்பாதையில் சபை கூடிவிடும். பின்னால் வருகிறவர்கள் அப்படியே தேங்கி நிற்பார்கள். கேட்டவர் இதுவரை ஏறியது மூன்றென்று தீர்ப்பானால் துவண்டுவிடுவார், நான்கென்றால் நிமிர்ந்துவிடுவார். நின்ற இடம் என்னவோ அதேதான். மூச்சு வாங்கிக்கொள்ள ஐந்து நிமிடம் கிடைத்ததால், இந்தச் சபையால் பாதி பேருக்கு லாபம்.

தண்ணீர் நிலவரத்தை விரலால் சொல்வார். "போன வருசம் இந்நேரத்துக்குக் கட்டைவிரல் தண்டி வந்துச்சுங்க. இந்த வருசம் சுண்டுவிரல்தான்." எந்த வருஷம் கேட்டாலும் போன வருஷம் கட்டைவிரல்தான். சித்திரையில் சுனைகள் இளைக்கும் என்பது உண்மை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். சோலைக்காடும் புல்வெளியும் பஞ்சாக உறிஞ்சி வைத்திருந்த ஈரம்தான் அதுவரை சொட்டிக்கொண்டிருக்கிறது. கைதட்டிச் சுனையில் கை தட்டினால் தண்ணீர் வரும் என்பது ஐதீகம். சித்திரைக் கடைசியில் அதைப் பற்றிக் கேட்டால், நிலவரச் சாமி பக்தியையும் விட்டுக்கொடுக்காமல் உண்மையையும் மறைக்காமல் சொல்வார்: "வருதுங்க. என்ன, கொஞ்சம் நெம்ப நேரம் தட்டோணும்."

ஆண்டிச் சுனை விஷயத்தில் மட்டும் இவர் கொடுமைக்காரர். அதில் முங்கி எழுந்தவர் ஒவ்வொருவரும் அடுத்தவரையும் முங்க வைக்காமல் ஓய்வதில்லை. "ஐஸாட்டம் இருக்குங்களா?" என்றால், "அதெல்லாம் இல்லீங்க, ஒரு முழுக்குப் போட்டுட்டா அலுப்பெல்லாம் பறந்துரும்." பறப்பது அலுப்பு மட்டுமல்ல என்பது விடியற்காலை நான்கு மணிக்கு உள்ளே இறங்கியவருக்குத் தெரியும்.

குளிரைப் பற்றிய செய்திதான் ஒன்றோடொன்று மோதும். அதிகாலை மூன்று மணிக்கு உச்சியிலிருந்து புறப்பட்டவர், கம்பளி இல்லாமல் போகாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவார். பத்து மணிக்குப் புறப்பட்டவர், எதற்கு இந்தச் சுமை, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று கேட்டு, முதுகில் இருக்கும் பையைப் பார்த்துச் சிரிப்பார். நேற்று மாலை புறப்பட்டவர் இருவரையும் மறுத்து, இடியும் மழையுமாக வழுக்குப் பாறையில் உட்கார்ந்தே இறங்கியதைச் சொல்வார். மூவரும் சொல்வது சத்தியம். ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி இறங்கும். 6,000 அடியை ஒட்டிய திறந்த முகட்டில் அதோடு காற்றும் சேர்ந்தால், கோவையில் மின்விசிறிக்குக் கீழே புரண்டவனுக்கு விடியும்வரை பல் கிட்டிக்கும். பத்து மணிக்கு மேல் அதே புல்வெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, பாறை கொதிக்கும். பிற்பகலில் அந்தச் சூடே மேகமாகக் கூடிக் கோடை மழையாகக் கொட்டும். ஒரே நாளுக்குள் மூன்று பருவம். நிலவரச் சாமிக்கு வாய்த்தது அதில் ஒன்று. அதை வைத்து மலையையே சொல்லிவிடுகிறார். ஏறுகிறவரும், தாம் எத்தனை மணிக்கு மேலே இருப்போம் என்று கணக்குப் பார்க்காமல், கடைசியாகப் பார்த்தவர் சொன்னதை நம்பிக் கம்பளியை எடுத்துப் போர்த்துவதும் மடித்து வைப்பதுமாகப் போய்க்கொண்டிருப்பார்.

யானையைப் பற்றிக் கேட்க வேண்டாம். கேட்காமலே சொல்வார். மலையைச் சூழ்ந்த போளுவாம்பட்டிக் காடு யானை நடமாடும் காடு என்பதால் இதில் கற்பனைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இவர் யானையைப் பார்த்திருக்க மாட்டார். இவருக்கு முன்னால் இறங்கியவர் சத்தம் கேட்டிருப்பார், அவருக்கு முன்னால் போனவர் சாணம் பார்த்திருப்பார். இவர் வாயில் அது "சாணி ஆவி பறந்துச்சுங்க" என்று வந்து சேரும். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதித்து பீடி, தீப்பெட்டி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலை தாங்காது. இந்த யானைச் செய்தியைச் சோதிக்க மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை.

மலை இறங்கிய பிறகும் இவர் ஓய்வு பெறுவதில்லை. கோவையில் பீளமேட்டிலோ கணபதியிலோ வீட்டுக் கதவுக்குப் பின்னால் வருஷத்துக்கு ஒன்றாக மூங்கில் தடிகள் சாத்தி வைத்திருப்பார். அலுவலகத்தில் யாராவது இந்த வாரம் மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பேரீச்சம்பழம் எத்தனை, குளுக்கோஸ் எவ்வளவு, தடி வாங்கும்போது கணு நெருக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தடி உயிர்நண்பன் என்பதைச் சொல்ல எழுந்து நின்று, மேஜைகளுக்கு நடுவில் பக்கவாட்டாக இறங்கிக் காட்டுவார். இதைக் கேலி செய்யலாம், ஆனால் விஷயம் சரி. ஏறும்போது வாங்குவது மூச்சு; இறங்கும்போது உடம்பு பாரம் மொத்தத்தையும் ஒவ்வொரு படியிலும் தொடைதான் பிடித்து நிறுத்த வேண்டும். மறுநாள் கழிப்பறைக்குப் போய் உட்காரும்போது அது நினைவுக்கு வரும்.

ஒரே ஓர் இடத்தில் இவர் தம் வழக்கமான பதிலைச் சொல்லாமல் இருந்தால் நல்லது. படியோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பவரிடம் "கொஞ்சந்தான்" என்பது இரக்கமல்ல. இதய நோய், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. 2024 கோடையில் ஏறியவர்களில் சிலர் உயிரோடு இறங்கவில்லை. அனுபவப்பட்ட நிலவரச் சாமி அந்த முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொள்வார். தண்ணீர் கொடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "சாமி எங்கயும் போகாதுங்க, அடுத்த வருசமும் இங்கதான் இருக்கும். எந்திரிங்க, எங்கூட எறங்கலாம்" என்பார். உட்கார்ந்திருப்பவர் மறுத்தால், அவர் துணைக்கு வந்தவர்களிடம் ஒரு சத்தம் போடுவார். அன்றைக்கு நிலவரச் சாமி வாயிலிருந்து வந்த நிலவரங்களில் திருத்தம் வேண்டாதது அது ஒன்றுதான்.

முதல் மலைக்குத் திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும். படி ஒவ்வொன்றும் முட்டிக்கு எட்டும் உயரம். தடியை முதலில் இறக்கி, இடது காலை இறக்கி, வலது காலைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். மேலே போகிறவர்களுக்கு விடிய விடியப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. நிலவரச் சாமி ஒரு படியில் பொத்தென்று உட்காருகிறார். கீழேயிருந்து புதுத் தடியும் மடிப்புக் கலையாத துண்டுமாக ஒருவர் வேகமாக ஏறி வருகிறார். ஏற ஆரம்பித்துக் கால் மணி நேரம் இருக்கலாம், இன்னும் வேர்க்கக்கூட இல்லை.

"ஏனுங்க சாமி, அடிவாரத்துக்கு இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

வந்தவர் நின்று, இடுப்பில் கை வைத்துக் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கொஞ்சந்தானுங்க. இந்தத் திருப்பம் எறங்கிட்டீங்கன்னா கோயிலுங்க."

நிலவரச் சாமி அதை முழுக்க நம்பி, தடியை ஊன்றி எழுந்து நிற்கிறார்.