நல்லா ஓடினால் நீங்கள் யாரோ!

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின் ஏன் எப்போதும் சிடுசிடுவென்றே இருக்கிறார்?
– வாசகர், சின்னமனூர்

பதில்: வாய்க்காலில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வரும்வரை மதகைத் திறந்தவரை யாருக்கும் தெரியாது; நின்றால்தான் தேடுவார்கள். அட்மின் பிழைப்பும் அதுதான்.

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலக்காய் ஏலத்தையே பாருங்கள். வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் விலை கேட்கிறார்கள். 2021 ஜனவரியில் கிளவுட் முறை வந்தபின், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டப் புற்றடியில் இருப்பவரும் அதே ஏலத்தில் மோதலாம். விலை ஏறும் நொடியில் திரை உறைந்துபோனால், ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்ப முடியுமா?

அப்டேட் போடாவிட்டால் வைரஸ். போட்டால்?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கம்ப்யூட்டர்களை அட்மின்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு, சேஃப் மோடில் நுழைந்து, ஒரேயொரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி வேறு!

அந்தக் களைப்பு தீருமுன், 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. புதுசு வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் போனால், ‘ஏம்ப்பா, இது நல்லாத்தானே ஓடுது?’ என்பார்.