எட்டிப் பார்க்கப் போய் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேலையில் கைவைத்துக் கெடுப்பதில் எனக்குத் தனித் திறமை உண்டு. கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். மலையிலிருந்து சாமை, தேன், கடுக்காய் இறங்கும். கீழேயிருந்து மரவள்ளி வரும். கணக்கு வழக்கெல்லாம் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில். ஆர்டர்கள் மட்டும் மின்னஞ்சலில். கணக்கு பார்க்கும் அக்கா தினமும் காலையில் அஞ்சல்பெட்டியைத் திறந்து, புதிதாக வந்ததைப் படித்து, ஆர்டர் அட்டவணையில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை கண்டுபிடித்தது நான்.

"எதுக்குக்கா ரெண்டு வேல? அஞ்சல்பெட்டியையே ஒரு டேபிளா ஆக்கிடறேன். யார் ஆர்டர் போட்டிருக்காங்க, எது கணக்குல ஏறலன்னு ஒரே கேள்வியில வந்துடும்."

"செய்ங்க தம்பி" என்றார். வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. எனக்கு அப்போது புரியவில்லை.

யோசனை என்னுடையதல்ல. வெளியே கிடக்கும் தரவைத் தரவுத்தளத்துக்குள் உட்கார்ந்தபடியே கேட்பதற்கு எஸ்கியூஎல் தரநிலையில் எஸ்கியூஎல்/எம்இடி என்று ஒரு பகுதியே இருக்கிறது. போஸ்ட்கிரஸ் 2011-ல் வந்த 9.1 பதிப்பிலிருந்து 'ஃபாரின் டேபிள்' என்ற வசதியைத் தருகிறது. மல்டிகார்ன் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால், தரவை எடுத்துவரும் பகுதியைப் பைத்தானிலேயே எழுதிவிடலாம். ஐமேப் அஞ்சல்பெட்டியைப் படிக்கும் மாதிரி நிரல் ஒன்றும் அதனுடனேயே வருகிறது. இருப்பதை எடுத்துப் பயன்படுத்தினால் நான் எதற்கு? சொந்தமாக எழுதினேன்.

இந்த ஃபாரின் டேபிள் கடைப்பலகை மாதிரி. பலகை நம் கடையில், சரக்கெல்லாம் சின்னசேலத்துக் குடோனில். யாராவது கேட்டால் பையன் ஓடிப்போய் எடுத்துவருவான். பையன் புத்திசாலியாக இருந்தால் கேட்ட மூட்டையை மட்டும் தூக்கி வருவான். என் பையனை எழுதியது நான்.

முதல் நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து ஒரு செலக்ட் போட்டேன். அனுப்பியவர், தேதி, பொருள், உள்ளடக்கம் என்று வரிசை வரிசையாக வந்து விழுந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, ராத்திரி யாரோ உள்ள பூந்து எல்லா மெயிலையும் படிச்சிருக்காங்க. எது புதுசு, எது பழசுன்னே தெரியல."

ஐமேப், 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த நெறிமுறை. அதில் ஓர் அஞ்சலின் உடலைக் கேட்டு வாங்கினாலே அது 'படித்தாயிற்று' என்று குறிக்கப்பட்டுவிடும். குறி விழாமல் எட்டிப் பார்க்க 'பாடி.பீக்' என்று தனியாகக் கேட்க வேண்டும். 2003-ல் வெளியான அதன் ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் தரவுத்தளத்தில் ஊறியவனுக்கு செலக்ட் என்றால் பார்ப்பது, பார்த்தால் எதுவும் மாறாது. அந்த நம்பிக்கையில் ஆவணம் படிக்கத் தோன்றவில்லை. அக்காவிடம் "சர்வர் பிரச்சினைக்கா" என்றேன். கணினித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு பொய் மட்டும் யோசிக்காமலேயே வாயில் வரும்.

பீக் போட்டுச் சரிசெய்தபின் மேலாளர் வந்து நின்றார். "மரவள்ளி ஆர்டர் மட்டும் காட்டுங்க சார்." பொருள் வரியில் மரவள்ளி என்று தேடினேன். பூஜ்யம். "ஒண்ணுமே வரலையா?" என்று அவர் தன் கைபேசியில் மூன்று அஞ்சல்களைத் திறந்து காட்டினார். தமிழில் எழுதிய பொருள் வரி தமிழாகப் பயணம் செய்வதில்லை. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியே 3. அதைப் பெரும்பாலும் பேஸ்64 ஆக்கி ஆங்கில எழுத்துகளாக அனுப்புகிறார்கள். 'மரவள்ளி' தனியே நின்றால் 28 எழுத்து நீளத்துக்கு வாயில் நுழையாத ஒரு சரம். அந்தக் குவியலில்தான் நான் மரவள்ளியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். பிரித்துப் படிக்கும் செயல்பாடு பைத்தானின் கூடவே வருகிறது, நான்தான் கூப்பிடவில்லை.

மூன்றாவதில்தான் மானம் போனது. மொத்தம் எத்தனை அஞ்சல் என்று எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்று பையனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. குடோனில் இருந்த அத்தனை மூட்டையையும் தூக்கிவந்து, கடையில் எண்ணிவிட்டு, வீசிவிட்டான். இணைப்புகளில் இருந்த பில் படங்கள், யாரோ அனுப்பிய கோயில் திருவிழா வீடியோ, எல்லாம் சேர்த்து. அஞ்சல் சேவைகள் ஐமேப் இறக்கத்துக்கு நாள்வரம்பு வைத்திருக்கின்றன. ஜிமெயிலுக்கு அது 2,500 மெகாபைட். எங்கள் சேவையின் வரம்பு எவ்வளவு என்பதை அன்று மதியம் அலுவலகம் முழுவதும் சேர்ந்து தெரிந்துகொண்டது. அதன்பின் உட்கார்ந்து, அனுப்பியவர், தேதி என்ற நிபந்தனைகளை அஞ்சல் சர்வருக்கே தள்ளிவிடும்படி எழுதினேன். அதிலும் ஐமேப் தேதியை மட்டுமே பார்க்கும், மணியைப் பார்க்காது. 'காலை ஒன்பதுக்குப் பிறகு வந்தவை' என்று அதனிடம் கேட்க வழியில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அடங்கியிருக்கலாம். வெள்ளிமலையில் நடக்கவிருந்த இயக்குநர் கூட்டத்தில் இதைக் காட்டுகிறேன் என்று நானாகவே சொன்னேன். கோமுகி அணையைத் தாண்டி மலையேறும்போதே கைபேசியில் சிக்னல் வந்து வந்து போனது. கூட்டத்தில் கேள்வியை ஓடவிட்டேன். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. காலக்கெடு வைக்காத சாக்கெட் பதிலுக்காக எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். பைத்தானின் ஐமேப் நூலகத்தில் 3.9 பதிப்பிலிருந்து அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். நான் காலியாக விட்டிருந்தேன். மலை மக்கள் பொறுமையானவர்கள், திரையைப் பார்த்தபடி மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மேலாளர் கைபேசியை எடுத்து, ஏற்கெனவே இறங்கிக் கிடந்த அஞ்சல்களைப் புரட்டி, ஆர்டர்களை வாசித்தார். கூட்டம் முடிந்தது. திரையில் என் கேள்வி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது இருப்பது சாதாரண அட்டவணை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசியாகப் பார்த்த அஞ்சலின் அடையாள எண்ணுக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் நகலெடுத்து வைக்கிறது. அறிக்கைகள் நகலிலிருந்து வருகின்றன. நேரலை என்று எதுவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஃபாரின் டேபிளை நான் எப்போதாவது ஓர் அஞ்சலைச் சரிபார்க்க மட்டும் தொடுகிறேன். அது அந்த வேலைக்குத்தான் லாயக்கு.

அக்கா காலையில் அஞ்சல்பெட்டியைத் திறப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தாததும் நல்லது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமாகியும், முகவரியில் இன்னும் 'விழுப்புரம் மாவட்டம்' என்றே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மாவட்டவாரியான என் அறிக்கை விட்டுவிடும் ஆர்டர்களை அவர்தான் பிடித்துப் போடுகிறார்.

உங்களுக்கும் அஞ்சல்பெட்டியை டேபிளாக்கும் ஆசை வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பீக் போடுங்கள், காலக்கெடு வையுங்கள், எண்ணிக்கை கேட்குமுன் ஒருமுறை யோசியுங்கள். முதல் சோதனையை மட்டும் உங்கள் சொந்த அஞ்சல்பெட்டியில் நடத்துங்கள், அலுவலகத்து அக்காவின் பெட்டியில் வேண்டாம்.