சாம்பல் அள்ளு படலம்

ஸ்க்ராண்டன், பென்சில்வேனியா
பிப்ரவரி 10, 2014

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் நலம், அடுப்பும் நலம். அடுப்பு நலமாக இருப்பதால்தான் நாங்கள் நலம். நியாயப்படி அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

போனில் குளிர் என்று ஆரம்பித்தாலே, “ஹீட்டரைப் போட்டுக்கோடா” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். சமாசாரம் அத்தனை சுலபமில்லை என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். நெய்வேலி முதல் சுரங்கத்தில் நீங்கள் காலமெல்லாம் பழுப்பு நிலக்கரியோடு மல்லுக்கட்டினீர்கள். பையன் படித்து அந்தத் தூசியிலிருந்து தப்பித்துவிட்டான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே இதை அவளுக்குக் கொஞ்சம் பார்த்துப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மகன் இப்போது காலையும் மாலையும் நிலக்கரி சுமக்கிறான். ஷிப்ட் அலவன்ஸ் கிடையாது, குவார்ட்டர்ஸ் கிடையாது.

இந்த வீடு பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் கட்டியது. எண்ணெயில் ஓடும் ஹீட்டர் ஒன்றும், பேஸ்மென்ட்டில் நிலக்கரி அடுப்பு ஒன்றும் உண்டு. இந்தக் குளிர்காலத்தில் எண்ணெய் காலன் 4 டாலர் வாக்கில் விற்கிறது. ஒரு டன் நிலக்கரி தரும் சூட்டுக்குச் சுமார் 180 காலன் எண்ணெய் வேண்டும். நிலக்கரிக்கோ அதில் மூன்றில் ஒரு பங்கு பணம் போதும். இந்தக் கணக்கைப் போட்டது உங்கள் மருமகள். கணக்குப் பிரிவு அவளிடம், சுமைப் பிரிவு என்னிடம்.

குளிரைப் பற்றி டிவியில் பார்த்திருப்பீர்கள். வடதுருவத்துக்கு மேலே தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்க வேண்டிய காற்று, ஜனவரி முதல் வாரம் தெற்கே சுற்றுலா கிளம்பிவிட்டது. 7-ஆம் தேதி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மைனஸ் 16 டிகிரி. அந்தத் தேதிக்கு 1896-இல் இருந்த சாதனை உடைந்தது என்று எல்லாருக்கும் பெருமை வேறு. நாங்கள் அதற்கும் வடமேற்கே, மலைப்பக்கம் இருக்கிறோம். மார்கழியில் நீங்கள் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடக்கப் போகும் குளிரை இந்த ஊரில் கோடைக்கால மாலை என்பார்கள்.

இங்கே கிடைப்பது ஆந்த்ரசைட். உங்கள் நெய்வேலிச் சரக்கில் பாதி தண்ணீர். இது கறுத்துப் பளபளக்கும் கல்; தொட்டால் கையில் கறைகூட அவ்வளவாக ஒட்டாது. 30 கோடி வருஷம் மலைக்கடியில் நசுங்கிக் கிடந்த கர்வம் அதற்கு. தீக்குச்சிக்கு மசியாது, மண்ணெண்ணெய்த் துணிக்கும் மசியாது. துருத்தி வைத்து ஊதினால்தான் எரியும் என்றே ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். பக்கத்து ஊர் வில்க்ஸ்-பேரியில் விடுதி நடத்திய ஜெஸ்ஸி ஃபெல் என்ற நீதிபதிதான் இரும்புக் கம்பித் தட்டில் இதைப் போட்டு, கீழிருந்து ஏறும் காற்றிலேயே எரித்துக் காட்டினார். அது 1808 பிப்ரவரி 11. நாளையோடு 206 வருஷம் ஆகிறது. இந்த ஊரில் நான் யாருக்காவது மாலை போடுவதென்றால் அவருக்குத்தான்.

எனக்குக் குரு, பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருடைய தாத்தா போலந்திலிருந்து வந்து இந்தச் சுரங்கங்களில் இறங்கியவர். முதலில் விறகு போட்டு நன்றாகத் தணல் பிடிக்க வை, அதன்மேல் நிலக்கரியை மெல்லிசாகத் தூவு, நீலச் சுவாலை எழும்பும்வரை காத்திரு, பிறகு கனமாகப் போடு. போடும்போதும் பின்பக்கம் மேடாகக் குவித்து, முன்பக்கம் கொஞ்சம் தணலைத் திறந்தே விடவேண்டும். முழுவதும் மூடினால் வாயு உள்ளே சேர்ந்து, திடீரென்று பற்றி, ‘டும்’ என்று அடுப்புக் கதவு அதிரும். அக்கறையோடு மேலிருந்து கிளறவே கூடாது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைக் கவனிப்பது மாதிரிதான்: அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளும், மனம் குளிர்ந்து உட்கார்ந்துவிட்டால் பன்னிரண்டு மணி நேரம் அசையாது.

நாளுக்கு இரண்டு வேளை உலுக்கல். வெளியே நீட்டியிருக்கும் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினால் தட்டிலிருக்கும் சாம்பல் கீழே கொட்டும். செந்தணல் ஒன்றிரண்டு பொறி விழும்போது நிறுத்த வேண்டும். முன்னால் நிறுத்தினால் சாம்பல் அடைத்துக் காற்று ஏறாது. தாண்டிப் போனால் மொத்த நெருப்பும் சாம்பல் தட்டில் கிடக்கும். அந்தச் சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைத்து, நன்றாக ஆறியபின் வாசல் பனிக்கட்டிமேல் தூவுகிறோம். நெற்றியில் இடத் தகுந்ததில்லை என்றாலும் வழுக்கி விழாமல் காக்கிறது. அந்த அளவுக்கு அதுவும் திருநீறுதான்.

நிலக்கரியை இங்கே முட்டை, கொட்டை, பட்டாணி, அரிசி, பார்லி என்று அளவு பிரித்து விற்கிறார்கள். சுரங்கமா மளிகைக் கடையா என்கிறாள் உங்கள் மருமகள்.

கார்பன் மோனாக்ஸைடு பற்றிக் கவலைப்பட வேண்டாம். மாடிக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறோம். புகை அலாரம் ஒன்று தனியாக இருக்கிறது. மிளகாய் தாளித்தாலே ஊரைக் கூட்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அப்படியல்ல, உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும்தான் வாய் திறக்கும். வீட்டில் இப்படி ஒரு ஜீவன் இருப்பது எனக்கு ஆறுதல்.

அம்மாவுக்கு ஒரு நற்செய்தி. ஆரம்பத்தில் உங்கள் மருமகள் இந்த அடுப்புக்கு முழு எதிர்க்கட்சி. கணக்கில்தான் சம்மதம், தூசியில் இல்லை. ஒருநாள் இட்லி மாவுப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து நாலடி தள்ளி வைத்தாள். இந்த நாட்டில் இரண்டு நாள் ஆனாலும் சோம்பிக் கிடக்கும் மாவு, விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. அன்றே கட்சி மாறிவிட்டாள். இப்போது நான் கரி போடப் போனால், “நீங்க சரியாப் போட மாட்டீங்க” என்று பின்னாலேயே வருகிறாள். கொல்லைப்புறத்தில் நெய்வேலி லெகோ கரிக்கட்டியைப் பற்றவைத்துப் புகை அடங்கும்வரை அம்மா யாரையும் கிட்டே விடமாட்டாளே, அதே முகம்.

உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நெய்வேலியில் அடியிலிருக்கும் ஊற்று நீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைப்பதைக் காட்டி, “நெருப்பைவிட தண்ணிக்குத்தான்டா பயப்படணும்” என்பீர்கள். இங்கே போர்ட் கிரிஃபித்தில் 1959 ஜனவரி 22 அன்று சஸ்குஹானா ஆறு கூரையை உடைத்துக்கொண்டு நாக்ஸ் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. ஆற்றுப்படுகைக்கு அடியில் தோண்டக்கூடாத அளவு நெருங்கித் தோண்டியிருந்தார்கள். சுழலை அடைக்க ரயில் பெட்டிகளையே ஆற்றில் தள்ளினார்களாம். 12 பேர் உள்ளேயே போனார்கள். இந்தப் பக்கம் ஆழ்சுரங்கத் தொழில் அத்தோடு படுத்துவிட்டது. 1917-இல் ஏறக்குறைய 10 கோடி டன் வெட்டிய வட்டாரம் இது. பெரியவர் அந்த ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது இன்னும் பேச்சை நிறுத்திவிடுவார்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். பிலடெல்பியா புறநகரில் இருக்கிற என் கல்லூரி நண்பன் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் மூன்று முறை பாயசம் கேட்டானே, அவனேதான். பொங்கலுக்கு வந்தபோது என் அடுப்பைப் பார்த்துச் சிரித்தான். அவன் வீட்டு ஹீட்டரை ஆபீசில் உட்கார்ந்தபடி செல்போனிலேயே கூட்டிக் குறைப்பானாம். “உன் அடுப்பு போன் சொன்னால் கேட்குமா?” என்றான். நேரில் சொன்னாலே கேட்காது என்றேன்.

போன புதன்கிழமை அந்தப் பக்கம் பனிமழை பெய்து மரங்கள் கம்பிகள்மேல் சாய்ந்தன. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் போயின. கேஸ் இருந்தும் என்ன, விசிறி சுற்ற மின்சாரம் வேண்டுமே. போனில் சார்ஜ் வேறு தீர்ந்துவிட்டது. அன்றிரவே மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வாசலில் நின்றான். முதல் நாள் அடுப்பெதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன், மறுநாள் எனக்கே காற்றுக்கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டான்.

அவன் வீட்டில் மின்சாரம் வந்துவிட்டதாக நேற்றே செய்தி வந்தது. கிளம்பும் அறிகுறி இல்லை. கேட்டால் பங்ஸட்டானியைக் காட்டுகிறான். இந்த மாநிலத்தின் மேற்கே இருக்கும் அந்த ஊரில் வருஷாவருஷம் பிப்ரவரி 2 அன்று ஃபில் என்ற க்ரவுண்ட்ஹாக்கை வளையிலிருந்து தூக்கி, அது தன் நிழலைப் பார்த்ததா என்று கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் அறிவிப்பார்கள். நம் பல்லி சகுனத்தைக் கேலி செய்கிற நாடு! இந்த வருஷம் பார்த்துவிட்டதாம். இன்னும் ஆறு வாரம் குளிர். “ஆறு வாரம்ப்பா, ஜாக்கிரதையா இருக்கணும்” என்று இரண்டாவது கம்பளியையும் போர்த்திக்கொண்டான்.

மணி பத்து. உலுக்கும் நேரம். கீழேயிருந்து கைப்பிடிச் சத்தம் கேட்கிறது, அவன் முந்திக்கொண்டுவிட்டான். சாம்பல் வாளியையும் அவனே தூக்கினால் விருந்தாளிக் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று மருமகள் சொல்கிறாள். அம்மாவிடம் இட்லி மிளகாய்ப் பொடி இரண்டு கிலோவாக அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்