அரைப்புள்ளி சேர்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் போனாலும் சரி, பண்டாரவளை தாண்டி அப்புத்தளை, கொஸ்லந்தை என்று இறங்கினாலும் சரி, தமிழ்ப் பாடசாலைகளில் அரைப்புள்ளி சேர் ஒருவரைச் சந்திக்காமல் வர முடியாது. பாடம் மாறும், வயது மாறும், ஆள் ஒரே அச்சுத்தான். சட்டைப்பையில் நீலப் பேனை ஒன்று, சிவப்புப் பேனை இரண்டு. ஒரு சிவப்பு மை தீர்ந்து திருத்தம் நின்றுபோனால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்ற முன்யோசனை. தவணைப் பரீட்சை முடிந்த கையோடு விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவரைப் பார்த்தால், தீர்ப்பு எழுதப் போகிற நீதவான் என்றே நினைக்கத் தோன்றும். திகதி போடாததற்கு ஒன்று, ஓரக்கோடு அடிக்காததற்கு ஒன்று, விடைக்குக் கீழே இரட்டைக்கோடு இல்லாததற்கு அரை, விடை சரியாயிருந்தும் தான் கொடுத்த நோட்டில் உள்ளபடி இல்லாததற்கு இன்னோர் அரை. “சேர், இந்தக் கணக்கு சரிதானுங்களே சேர்?” “சரிதான்.” “அப்ப ஏன் சேர் அரை கொறச்சிருக்கீங்க?” “சரியா இருக்கு, எனக்குத் திருப்தியா இல்ல.” இதற்கு மேல் முறையீடு கிடையாது. கேட்ட குற்றத்துக்கு இன்னோர் அரை போகாவிட்டால் அந்தப் பிள்ளை புண்ணியம் செய்தது. எண்பதுக்கு மேல் போட்டால் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். தன் பாடத்தில் இதுவரை ஒருவரும் தொண்ணூறு எடுத்ததில்லை என்பதைப் பட்டம் பெற்ற கதையைப் போல ஆசிரியர் அறையில் சொல்லுவார். தான் படிப்பித்தது பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லையோ என்ற ஐயம் மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மண்சரிவில் பாதை மூடிய நாளிலும் நடந்து வந்து பாடம் எடுப்பவர் அவர்தான். ஆசிரிய உதவியாளர் என்று பெயர் கொடுத்து மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவில் தோட்டத்து இளைஞர்களை வகுப்பறைக்கு அனுப்பினார்களே, அந்த வரிசையில் வந்து வதைபட்டவராகவும் இருக்கலாம். நியாயம் என்றால் என்னவென்று தெரியாதவரும் அல்லர். தேநீர்க்கடையில் ஒரு பிளேன்ரீயை முன்னால் வைத்துவிட்டால், 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகக் கொண்டுவந்த தரப்படுத்தல் தொடங்கி, 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு, 2001இல் வந்த இசட் புள்ளி வரை வரிசை பிசகாமல் ஒப்புவிப்பார். இன்று திறமை அடிப்படையில் நூற்றுக்கு 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம், அந்தப் பதினாறில் பதுளையும் ஒன்று என்பது அவருக்கு மனப்பாடம். வெட்டுப்புள்ளி இங்கே குறைவு என்பதற்காக வெளிமாவட்டப் பிள்ளைகள் மலையகப் பாடசாலைகளில் பதிந்து உயர்தரம் எழுதி, நம் பிள்ளைகளின் இடத்தைக் கொண்டுபோகிறார்கள் என்று மேசையில் தட்டுவார். தட்டுவது நியாயமே. ஒரே வினாத்தாளுக்கு இரண்டு அளவுகோல் இருக்கக் கூடாது என்று கொதித்துவிட்டு வீட்டுக்குப் போய், ஒரே வகுப்புக்கு முப்பத்தைந்து அளவுகோலோடு உட்காருகிறாரே, அங்கேதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. முதல் பத்துத் தாள் வெறும் வயிற்றில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவை. அடுத்த பத்து, சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுத் தாராளம். கடைசிப் பதினைந்து, கரண்ட் போய் மெழுகுதிரி வெளிச்சத்தில், அடுத்த நாள் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்ற அவசரத்தில். இடாப்பில் எத்தனையாவது பெயர் என்பதைக் கொண்டே பிள்ளையின் கணித அறிவைச் சொல்லிவிடலாம்.

இவரே ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஆளாக மாறுகிறார். சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்த நியமனக் கடிதம் வந்ததும் பெட்டி கட்டிக்கொண்டு மதிப்பீட்டு நிலையத்துக்குப் புறப்படுவார். அங்கே தாளில் பெயர் இல்லை, பாடசாலை இல்லை, சுட்டெண் மட்டுந்தான். திருத்தத் தொடங்கும் முன்பே எல்லோரையும் உட்காரவைத்துப் புள்ளித்திட்டத்தை வரிவரியாகப் பேசுகிறார்கள். எந்தப் படிமுறைக்கு எத்தனை, மாற்றுவழியில் செய்தால் எத்தனை, அலகு எழுதாவிட்டால் எத்தனை என்று முடிவாகிறது. அவர் திருத்திய கட்டிலிருந்து சில தாள்களை உருவிப் பிரதம பரீட்சகர் மறுபடி பார்க்கிறார். இரட்டைக்கோடு இல்லை என்று அரை குறைத்தால், “திட்டத்தில் அப்படி இல்லையே சேர்” என்று தாள் திரும்பி வரும். நம்மவர் மறுபேச்சில்லாமல் அரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்குத் திருப்தியா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தச் சில நாள்களில் மாத்தறைப் பிள்ளைக்கும் மன்னார்ப் பிள்ளைக்கும் அவர் கையால் கிடைக்கும் நீதி, தன் சொந்த வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. ஆள் ஒருவர், கை ஒன்று, மை ஒன்று. எழுதிவைத்த திட்டம் இருந்து, பெயர் மறைந்து, இன்னொரு கண் மேலே இருந்தால் நீதிமான். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அரைப்புள்ளி சேர். ஆகவே குணத்தைத் திருத்த வேண்டும் என்று உபதேசம் செய்வது வீண்வேலை. திருத்த வேண்டியது முறையை.

ஆளுக்கு ஆள் புள்ளி மாறும் இந்த நோய் ஊவா மாகாணத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1913ஆம் ஆண்டளவில், அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஒரு கேத்திரகணித விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கும் அதிகமான ஆசிரியர்களுக்கு அனுப்பிப் புள்ளியிடச் சொன்னார்கள். அதே தாளுக்கு முப்பதுக்குக் கீழே போட்டவரும் இருந்தார், தொண்ணூறுக்கு மேலே போட்டவரும் இருந்தார். கட்டுரைப் பாடத்தில் ஆளுக்கு ஆள் மாறும், கணிதத்தில் மாறாது என்று நம்பியிருந்தவர்களின் வாயை அது அடைத்தது. நம் நாட்டிலும் அளவுகோல் பிசகினால் என்ன ஆகும் என்பதை 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை காட்டியது. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒரே குவியலாகக் கலந்து இசட் புள்ளி கணித்தது செல்லாது என்று 2012இல் உயர் நீதிமன்றம் சொல்ல, முழுக் கணக்கையும் மறுபடி போட நேர்ந்தது. பல்கலைக்கழக வாசலில் நடக்கும் பிசகுக்கு வழக்கறிஞர் உண்டு, பத்திரிகை உண்டு, ஊர்வலம் உண்டு. தரம் ஒன்பதின் இரண்டாம் தவணைக்கு யார் வழக்குப் போடுவது?

யாருக்கும் பெரிய நட்டமில்லையே, தவணைப் பரீட்சைதானே என்பார்கள். நட்டம் இருக்கிறது, அது சமமாகவும் விழுவதில்லை. பதுளை நகரத்துக் கடைக்காரர் மகனுக்கு அரைப்புள்ளி சேர் 43 போட்டால், அவனிடம் வேறு தராசுகள் உண்டு. டியூஷன் வகுப்பில் 70 எடுத்திருப்பான், கடந்தகால வினாத்தாள் புத்தகத்தில் செய்து பார்த்திருப்பான், சேருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மடுல்சீமைப் பக்கம் மேற்பிரிவு லயத்திலிருந்து நடந்து வரும் பிள்ளைக்கு அந்த 43 ஒன்றுதான் தன்னைப் பற்றி உலகம் சொன்ன செய்தி. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் அப்பா கேட்பது ஒரே கேள்வி: “எத்தனையாம் புள்ள?” இருபத்திரண்டாம் பிள்ளை என்றால், கணக்கு நமக்கு ஏறாது என்று வீட்டிலே முடிவாகிவிடும். தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு நடக்கும் பாடசாலைகள் ஊவாவில் ஏற்கெனவே மிகச் சில. அந்த வாசலுக்குப் போகலாமா, வேண்டாமா என்பதைப் பிள்ளை தரம் பதினொன்றில் முடிவு செய்வதில்லை. ஓரக்கோட்டுக்கும் இரட்டைக்கோட்டுக்கும் கழித்த அரைகளைக் கூட்டிப் பார்த்து, ஒன்பதிலேயே முடிவு செய்துவிடுகிறது. மலையில் அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் இரண்டு கிலோ கழித்துவிடுவது தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் மனக்குறை. கீழே பள்ளிக்கூடத்தில் மகளுடைய தாளிலும் அதே கழிவு. ஆனால் அம்மாவுக்குத் தராசு முள் கண்ணுக்குத் தெரிகிறது, சண்டை பிடிக்கத் தொழிற்சங்கமும் இருக்கிறது.

கறாராக இருந்தால்தான் அரசாங்கப் பரீட்சைக்குப் பிள்ளை தயாராகும் என்பது அரைப்புள்ளி சேரின் முதல் பதில். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சாதாரண தரத்தில் 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ். அங்கே ஓரக்கோட்டுக்குக் கழிவு இல்லை. இல்லாத பரீட்சைக்குத் தயார்படுத்துவதைக் கறார் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது வாதம் நேர் எதிர்த் திசையிலிருந்து வரும். அதைக் கொண்டுவருபவர் பக்கத்து வகுப்பு வள்ளல் டீச்சர். “பாவம் சேர், லயத்துப் புள்ளைங்க, வீட்ல லைட்டு கூட சரியா இல்ல” என்று வெற்றுத் தாளுக்கும் முப்பத்தெட்டு போட்டுவிடும் தங்கமான மனசு. இவருக்கு நான் சேருக்குப் பயப்படுவதைவிடச் சற்று அதிகமாகவே பயப்படுகிறேன். சேர் பறித்த புள்ளியைப் பிள்ளை அரசாங்கப் பரீட்சையில் மீட்டுக்கொள்ள ஒரு வழியாவது இருக்கிறது. டீச்சர் கொடுத்த புள்ளியைப் பரீட்சைத் திணைக்களம் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளும், பெறுபேற்றில் டபிள்யூ என்று வரும் நாளில்தான் வீட்டுக்குச் செய்தி தெரியும். இரக்கத்தைக் காட்ட வேண்டிய இடம் பாடசாலை விட்ட பிறகு நடத்தும் அரைமணி நேர மேலதிக வகுப்பு, புள்ளிப் பதிவேடு அல்ல. மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு, அதற்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்: தாளைவிடப் பிள்ளையை எனக்குத் தெரியும், இவன் இதைவிடக் கெட்டிக்காரன், இவள் பார்த்து எழுதியவள் என்பது. உண்மையாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் குறிப்பு எழுத ஒரு நிரலே இருக்கிறது, அங்கே எழுதட்டும். “கவனம் செலுத்தவும்” என்ற ஒரே வசனத்தை எல்லாப் பிள்ளைக்கும் எழுதிவிட்டு, தெரிந்ததையெல்லாம் புள்ளிக்குள் ஒளித்துவைத்தால் அதை வாசிக்க யாரால் முடியும்?

கடைசி வாதம், நேரமில்லை. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பாடசாலையில் மதிப்பீட்டு நிலையத்தையா நடத்த முடியும்? முடியாதுதான், யாரும் அதைக் கேட்கவும் இல்லை. வினாத்தாள் வலயத்திலிருந்தோ மாகாணத்திலிருந்தோ அச்சாகி வந்தாலும் பகுதி இரண்டுக்குப் புள்ளியிடுவது அவரவர் கைதான், ஆகவே வேலை இங்கேதான் நடக்க வேண்டும். பிள்ளைகள் தாளின் தலையில் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை எழுதட்டும். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சேர் பெருமைப்படுவார், பட்டுக்கொள்ளட்டும், பாதிப் பேருடையதாவது தப்பும். ஒருவருடைய தாளையே முதலிலிருந்து கடைசிவரை திருத்தாமல், எல்லாருடைய முதலாம் வினாவையும் முடித்துவிட்டு இரண்டாம் வினாவுக்குப் போகட்டும். மெழுகுதிரி வெளிச்சத்தின் பாவம் அப்போது இடாப்பின் கடைசிப் பெயர்களின் தலையில் மட்டும் விழாது. இதற்கு வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டாம், கொழும்பிலிருந்து சுற்றுநிருபமும் வேண்டாம். அதிபர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: வருகிற தவணையில் பரீட்சை முடிந்த அடுத்த நாளே ஒவ்வொரு பாடத்தின் புள்ளித்திட்டத்தையும் அரைத்தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், திருத்திய தாளையும் பிள்ளை கையில் ஒரு நாளைக்குக் கொடுத்துவிடுங்கள். சேர் முதலில் கோபப்படுவார். மதிப்பீட்டு நிலையத்தில் அவர் கோபப்பட்டதில்லை என்பதை மெதுவாக நினைவுபடுத்தினால் போதும்.