தவணை எழுதும் கை

கேள்வி: பதுளை நீதிமன்றத்தில் இலிகிதர் வேலைக்கு முயலலாமா? கோப்பு தூக்குவதுதானே வேலை?
- ஓர் இளைஞர், பசறை

பதில்: தூக்குவதுதான். ஆனால் கோப்புக்குள் ஆள் இருக்கிறார், பார்த்துத் தூக்குங்கள்! 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி தமிழும் நீதிமன்ற மொழி. ஆனாலும் ஊவாவில் பதிவுகள் பெரும்பாலும் சிங்களம்தான். புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரைத் தருவது அரசின் கடமை. அவர் கூண்டுவரை கைகொடுப்பார். வெளியே வந்து, தவணைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மடுல்சீமைத் தோட்டக்காரருக்கு நீங்கள்தான் கதி. வந்த வகையில் மலையில் அன்றைய பேர் (நாட்கூலி) போச்சு. அடுத்த திகதி புரியாமல் வராவிட்டால் பிடியாணை. ஆகவே சிங்களம் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கதிரை கிடைத்ததும் தமிழை மறந்தால் மட்டும் பிணை கிடையாது!