பிள்ளை எடை ஏறலையா? வீட்டையும் தராசில் வையுங்கள்

கேள்வி: பேரனுக்கு எட்டு மாசம். ஒல்லியாக இருக்கான். "எங்க பரம்பரையே அப்படித்தான்" என்கிறார் மருமகன். நம்பலாமா?
– ஒரு பாட்டி, புக்கிட் ரோத்தான்

பதில்: மருமகனை நம்புங்கள். கிளினிக்கில் கொடுத்த பதிவுப் புத்தகத்தை அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக நம்புங்கள். பரம்பரை ஒல்லி, அதிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில் தனக்கென்று ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே போகும். எடையும் நீளமும் சேர்ந்தே நடக்கும். நாலு மாசம்வரை நன்றாக ஏறிய பிள்ளை, பிறகு இரண்டு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் பாட்டன் பூட்டன் மேல் பழி போடாதீர்கள். வயிற்றுக்குப் போவது குறைந்தால் முதலில் எடை நிற்கும், அப்புறம் நீளம், கடைசியில்தான் தலைச்சுற்றளவு. பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாகி, ஒரு வயதில் மும்மடங்காவது பொதுவான கணக்கு.

கேள்வி: ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாச்சு. நோய் ஒன்றுமில்லையாம். இன்னும் என்ன டெஸ்ட் எடுக்கலாம்?
– ஒரு தந்தை, ஈஜோக்

பதில்: பிள்ளைக்கு முடிந்தது தம்பி, இனி வீட்டுக்கு எடுக்கலாம். எத்தனை கரண்டி பால்மாவுக்கு எத்தனை அவுன்ஸ் தண்ணீர்? சம்பளத்துக்கு முந்தின வாரமும் அதே கணக்கா, இல்லை டின் தீர்ந்துவிடும் என்று இரண்டு கரண்டி குறைகிறதா? ராத்திரி யார் எழுந்திருக்கிறார்கள்? பால் கொடுக்கும் நேரத்தில் வீட்டில் சண்டையா? உங்கள் சம்பளத்தில் எவ்வளவு கடையில் இறங்கிவிட்டு வீடு வந்து சேர்கிறது? எடை ஏறாத குழந்தைகளில் உடம்பு நோயால் அப்படி ஆனவர்களைவிட, போதிய பால் வயிற்றுக்குப் போய்ச் சேராதவர்களே அதிகம். ஆனாலும் ஓயாத வாந்தி, பேதி, பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்குவது இருந்தால் டாக்டரை விடாதீர்கள். நோயும் வீட்டுச் சிக்கலும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

கேள்வி: பால் கொடுக்கிறேன், குளிப்பாட்டுகிறேன். ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை. அழுகைதான் வருது. மாமியார் "திமிர்" என்கிறார்.
– ஒரு தாய், பெஸ்தாரி ஜெயா

பதில்: திமிர் இல்லையம்மா. பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய், வைத்தியம் உண்டு. பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. வேலூர் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் மெலிந்த பிள்ளைகளின் அம்மாக்களையும் நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் அம்மாக்களையும் ஒப்பிட்டு 2004இல் ஓர் ஆய்வு வந்தது. மனச்சோர்வு மெலிந்த பிள்ளைகளின் அம்மாக்களிடம்தான் மிகுதி. சோர்ந்த தாய் பால் கொடுப்பாள்; ஆனால் பிள்ளை பசியில் வாயைச் சப்புக்கொட்டுவது அவள் கண்ணில் படாது, பாதியில் தூங்கினால் எழுப்பத் தெம்பு இருக்காது. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடம் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். இதற்கென்றே 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியும். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாமியாருக்குத் தனியாக ஒரு வரி: இன்று ராத்திரி பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மருமகள் தூங்கட்டும். மற்றதை நாளைக்குப் பேசலாம்.

கேள்வி: பாசம் இல்லாவிட்டால் பிள்ளை வளராதா? சினிமா வசனம் மாதிரி இருக்கிறதே!
– ஓர் ஆசிரியர், தஞ்சோங் காராங்

பதில்: வசனத்தை எழுதியது தராசு, ஐயா. 1948இல் ஜெர்மனியில் இரண்டு அநாதை இல்லங்களின் பிள்ளைகளை எல்சி விடோசன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் எடை போட்டுப் பார்த்துவந்தார். ஆறு மாதம் இரண்டு இடத்திலும் ஒரே ரேஷன். அன்பான மேற்பார்வையாளர் இருந்த இல்லத்தில் எடை ஏறியது. சாப்பாட்டு வேளை பார்த்துத் திட்டும் அம்மாள் இருந்த இல்லத்தில் குறைவு. பிறகு அந்த அன்பானவர் விலக, திட்டும் அம்மாள் அவர் இடத்துக்கு மாறினார். அதே சமயத்தில் அந்த இல்லத்துக்குத்தான் ரொட்டியும் ஜாமும் ஆரஞ்சுச் சாறும் கூடுதலாகக் கொடுத்தார்கள். கொடுத்தும் என்ன? வெறும் ரேஷன் தின்ற மற்ற இல்லம் முந்திக்கொண்டது! விடோசன் இதை 1951இல் வெளியிட்டார். அந்த அம்மாளுக்குச் செல்லப்பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்கள் மட்டும் நன்றாகவே எடை போட்டார்கள்.

அந்த இல்லங்களில் இருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். கைக்குழந்தை விஷயத்தில் பாசக்குறை பெரும்பாலும் பால்குறையாகத்தான் வந்து முடியும். பாசத்தைக் கரைத்துப் புட்டியில் ஊற்ற முடியாது, இரண்டும் வேண்டும்.

கேள்வி: எங்க காலத்துல ஆயாக் கொட்டகைல போட்டுட்டுப் பால்மரம் சீவப் போனாங்க. நாங்க வளரலையா?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, ஜெராம்

பதில்: வளர்ந்தவர்கள்தானே எனக்குக் கடிதம் எழுத முடியும், ஐயா! சர்க்கரை போட்ட டின் பாலைக் கரைத்துக் கொடுத்து எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று பொறுக்க முடியாமல்தான் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்றே தலைப்பு வைத்துப் பேசினார். ஆனால் உங்கள் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் நாலு வீட்டுக் கதவு திறந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடியில் குடியேறிய பெண்ணுக்கு அந்த நாலு கதவும் இல்லை. புருஷன் ஷிப்டுக்குப் போனால் அவளும் பிள்ளையும் நாலு சுவரும்தான்.

கேள்வி: பத்து மாசப் பிள்ளையைக் குண்டாக்க எந்த டானிக் நல்லது?
– ஒரு தாய், செகிஞ்சான்

பதில்: உங்கள் அடுப்படியில் இருக்கிற எண்ணெய். கஞ்சியில் ஒரு தேக்கரண்டி விடுங்கள். முட்டை, மசித்த பருப்பு, பொடித்த நெத்திலி சேருங்கள். விட்ட எடையைப் பிடிக்க வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சத்து தேவைப்படலாம். அளவை டாக்டரிடம் கேளுங்கள். சோற்றுக்கு முன் மைலோ, தேத்தண்ணி வேண்டாம். அரை மணிக்கு மேல் ஊட்டாதீர்கள், மூக்கைப் பிடித்துத் திணிக்காதீர்கள். போனை எடுத்து வைத்துவிட்டு முகம் பார்த்து ஊட்டுங்கள். மிகவும் மெலிந்த பிள்ளைக்கு மட்டும் திடீரென்று நிறையக் கொடுப்பது ஆபத்து. அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஆறு மாசப் பிள்ளை சிரிப்பதில்லை, பின்தலை தட்டையாக இருக்கு, யார் வந்தாலும் வெறித்துப் பார்க்குது. அந்த வீட்டில் அடி உதைச் சத்தமும் கேட்குது. தலையிடலாமா?
– ஒரு வாசகி, சபாக் பெர்ணம்

பதில்: தலையிடுங்கள், சண்டைக்குள் நுழையாதீர்கள். தட்டைத் தலை மட்டும் என்றால் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. சிரிப்பின்மை, வெறிப்பு, மெலிவு எல்லாம் சேர்ந்திருந்தால்தான் கவலை. மலேசிய அரசின் உதவி எண்ணான தாலியான் காசே 15999க்கு அழையுங்கள். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தில் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதும் குற்றம். இப்படிப்பட்ட பிள்ளை வார்டில் படுத்து, அதே பாலைக் குடித்தே மளமளவென்று எடை போடுவதுண்டு. டாக்டர்களுக்கு அதுவே பாதிப் பதில். அந்தத் தாய்க்குத் தண்டனையைவிடத் துணைதான் முதலில் தேவைப்படும் என்பது என் கட்சி. ஏழைக் குடும்பத்தின் மெலிந்த பிள்ளைகளுக்கு உணவுக்கூடை தரும் சுகாதார அமைச்சின் திட்டம் 1989 முதல் இருக்கிறது. கிளினிக்கில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எடை ஏறலேன்னா மிஸ்ஸி திட்டுவாங்க. அதுக்குப் பயந்தே கிளினிக் போகலை.
– ஒரு தாய், ரவாங்

பதில்: அடுத்த தடவை வீட்டுக்காரரைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அப்பாவை மிஸ்ஸி திட்டி நான் பார்த்ததில்லை. வந்த ஆச்சரியத்திலேயே நாற்காலி போட்டுவிடுவார்கள்.